வாசிக்காத ஓலை

அத்தியாயம் 11

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில் சீனியம்மாளின் தலையில் மூன்று தரம் தண்ணீர் விழுந்ததும், பரிபூரணம் என்ற புதுப்பெயரோடு அவள் கோவில் படியிறங்கியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்று சாயங்காலமே அவள் அண்ணன் குருசாமி அவளுடைய இரண்டு சேலைகளையும் தெருவில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினான். மில் லைன் வீட்டில் இருக்கும் சுடலைமாடத்திதான் இடம் கொடுத்தாள். இது ஈஸ்டர் கழிந்து அடுத்து வந்த ஞாயிறு.

இந்த ஞாயிறுக்காகத்தான் சீனி அத்தனையையும் பொறுத்திருந்தாள். இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலில் அவளுக்கும் ஞானரத்தினத்துக்கும் முதல் ஓலை வாசிக்க வேண்டும். வேதக்காரர்களுக்குக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, தடை அறிந்தவர்கள் யாராவது உண்டா என்று சபையைக் கேட்பார். மூன்று ஓலையும் சத்தமில்லாமல் முடிந்துவிட்டால் பிறகு தாலிதான்.

சுடலைமாடத்தியின் ஐந்து பிள்ளைகளும் உருண்டது போக மிஞ்சிய இடத்திலிருந்து சீனி எழுந்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சேலையைக் கட்டினாள்.

"ஏட்டி, ஒரு வாய் நீச்சத்தண்ணியாவது குடிச்சுட்டுப் போ. மயங்கி விழுந்தா மாப்பிள்ளை வந்து தூக்குவான்னு நெனப்பா?"

"குடிக்கக் கூடாதுக்கா. பூசையில நன்மை அப்பம் வாங்கணும்."

"ஒங்க சாமி பட்டினி போட்டுத்தான் பேசுமோ? எங்க சுடலை கெடாக்கறி வைக்காம வாயே தெறக்க மாட்டாரு."

சீனி சிரித்தாள். "இன்னும் மூணு வாரம்தான்க்கா. ஒங்களுக்கு ரொம்ப இடைஞ்சல்."

"மூணு வாரம் தாராளமா இரு. அதுக்கு மேலன்னா சொவத்துல ஆணி அடிச்சுத்தான் ஒன்னைய மாட்டணும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வீட்டில் அதற்கு மேல் இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

*

சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ். புறப்படுவதற்கு முன் ஒருவர் அடுப்பின் காற்றாடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்துக்குச் சீனி வந்தபோது ஞானரத்தினம்தான் சுற்றிக்கொண்டிருந்தான். மில்லில் பிட்டர் வேலை பார்ப்பவன். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் கையை வைத்துவிடுவான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினான். கூச்சம் என்று நினைத்தாள்.

அவன் தாய் ரோசம்மாள் பஸ்ஸுக்குள் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"வா பரிபூரணம். முக்காட்டை நல்லா இழுத்து விடு. மந்திரமெல்லாம் நெனவிருக்கா?"

"இருக்கு அத்தை."

மறக்குமா? மில்லின் ரீலிங் பகுதியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து ரீல். நூல் சிட்டம் சுற்றும் இரைச்சலில் காதில் ஒன்றும் விழாது. ரோசம்மாள் உதட்டை அசைக்க அசைக்க, அந்த உதட்டைப் பார்த்தே சீனி மந்திரங்களைப் படித்தாள். பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாச மந்திரம் எல்லாம் அப்படி வந்தவைதான். தனியாக இருக்கும்போது சொன்னால்கூட ரோசம்மாளின் உதடுதான் கண் முன்னால் வரும்.

முதலில் வந்தது ரத்தினமா, மந்திரமா என்று கேட்டால் சீனிக்கே சொல்லத் தெரியாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டவனே ஆண்டவரைக் காட்டிக் கொடுத்த கதையை ஒரு நாள் ரோசம்மாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. சீனியும் அழுதாள். தப்பே செய்யாத ஒருவனுக்கு இப்படி ஆயிற்றென்றால், நம்முடைய கஷ்டம் அவனுக்குப் புரியாமலா போகும் என்று அன்றைக்குத் தோன்றியது. அது இன்றுவரை போகவில்லை.

*

பங்குச் சாமியார் மெலிந்துபோயிருந்தார். செண்பகத்தோப்பு அடிவாரத்தில் பூசை வைக்கப் போன இடத்தில் மலைக்காய்ச்சல் பிடித்து, மாதம் முழுக்க மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பினார். பெரிய வாரத்தை வெளியூரிலிருந்து வந்த வேறொரு சாமியார் நடத்திவிட்டுப் போனார். சீனிக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான்.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் ஓலை வாசித்தார்.

தளவாய்புரத்துப் பையன் ஒருவன், உள்ளூர்ப் பெண் ஒருத்தி. தடை அறிந்தவர்கள் சொல்லலாம். யாரும் இருமக்கூட இல்லை. அடுத்தது ஒரு மனைவியிழந்தவருக்கும் ஒரு விதவைக்கும். பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சீனி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அடுத்தது நம்முடையதுதான்.

சாமியார் பீடத்தின் பக்கம் திரும்பி லத்தீனில் தொடங்கிவிட்டார்.

மறந்திருப்பார் என்று நினைத்தாள். காய்ச்சலில் கிடந்த மனுஷர். நன்மை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆண்கள் பக்கம் பார்த்தாள். ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கத்தில் ரோசம்மாள் மிகுந்த பக்தியோடு செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஓலை வாசிக்கவில்லையே என்று அந்த இரண்டு பேர் முகத்திலும் ஒரு கேள்வியும் இல்லை.

பூசை முடிந்ததும், மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்த உபதேசியாரிடம் போனாள்.

"உபதேசியாரே, எங்க ஓலை விட்டுப்போச்சு."

"எந்த ஓலை?"

"எனக்கும் அவியளுக்கும்."

"அவியன்னா?"

"ரத்தினத்துக்கும் எனக்கும்."

உபதேசியார் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"ஏம்மா, ஞானத்தகப்பனைக் கல்யாணம் கட்ட முடியுமா?"

"என்ன சொல்லுதீக?"

"ஒனக்கு ஞானஸ்நானத்துல நின்னது அவன்தானே? நின்னவன் தகப்பன், நீ மக. பெத்த தகப்பன் மாதிரிதான் கோவில் அதைப் பாக்கும். கட்டி வைக்காது." குரலைத் தாழ்த்தினார். "பொம்பளப்பிள்ளைக்குப் பொம்பளதானே நிக்கிறது வழக்கம்னு நான் ரோசம்மாகிட்ட கேட்டேன். ஆள் கெடைக்கல, கல்யாணப் பேச்சை ரெண்டு பேரும் மனசு ஒத்து விட்டுட்டாகன்னு சொன்னா. ஒனக்குத் தெரியாதா?"

 தபசு காலத்தில், நோன்பு நாளொன்றில், சீனியே ரோசம்மாளிடம் கேட்டாள்: 'அத்தை, நீங்களே எனக்கு ஞானத்தாயா நில்லுங்க.' அதற்கு ரோசம்மாள் அவள் கன்னத்தைத் தடவிச் சொன்னாள்: 'நான் எதுக்குட்டி? அவனே நிக்கட்டும். ஒன்னைய ஏத்துக்கப் போறவன் சாமி முன்னாடியே ஏத்துக்கிட்ட மாதிரி இருக்கும்லா.'

அந்தப் பேச்சை நினைத்து நினைத்து மகிழ்ந்து, அன்று அவள் ரீலில் இரண்டு சிட்டத்தைச் சிக்கலாக்கி மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள்.

*

ரோசம்மாள் கோவில் கிணற்றடியில் உட்கார்ந்து நனைத்த அவலைத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு இலையில் சீனிக்கும் பங்கு எடுத்து வைத்திருந்தாள்.

"வா, பசிக்கும். ஒக்காரு."

"அத்தை, ஞானத்தகப்பனைக் கட்டக் கூடாதாமே?"

ரோசம்மாளின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவள் திடுக்கிடவில்லை. யாரடி சொன்னது பொய் என்று கத்தவும் இல்லை. சீனிக்கு முதல் அடி அதுதான்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"சத்தம் போடாத. கோவில் எடம்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ட்டி."

சீனி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இவனை வயித்துல வச்சுக்கிட்டு நான் தாலியறுத்து நின்னப்ப எங்க அண்ணன்தான் வத்திராயிருப்புல இருந்து வண்டி கட்டி வந்து கூட்டிட்டுப் போனாரு. அவர் மக ஜெயக்கொடி பொறந்த அன்னைக்கே வாக்குக் குடுத்துட்டேன். இவன் ஒன் பேரைச் சொன்னான். முடியாதுன்னா ரயில்ல தலையைக் குடுப்பேன்னான். நான் என்ன செய்ய?"

"அதுக்கு இப்படியா?"

"எப்படி? ஒன்னைய ஏமாத்துனேனா? ஒன் ஆத்துமத்துக்காக நாப்பது நாளு ஒரு வேளைச் சோறோட ஒருசந்தி இருந்தேன். நெசமாத்தான் இருந்தேன். நீ எரிநரகத்துல விழுந்துரக் கூடாதுன்னு அழுதிருக்கேன். ஒனக்கு மோட்சத்தையே வாங்கிக் குடுத்துட்டேன். மகனைத்தான் குடுக்க முடியல."

"குடுக்கேன்னு சொன்னீகல்லா?"

"சொன்னேன். சொல்லாட்டா நீ வந்திருப்பியா?"

அதற்குப் பதில் சொல்லச் சீனி வாயைத் திறந்தாள். வந்திருப்பேன் என்று சொல்ல வேண்டும்.  ரத்தினம் இல்லாவிட்டால் வந்திருப்பாளா? யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளும் வழியைக்கூட இந்த மனுஷி அவளுக்கு வைக்கவில்லை.

அவல் இலையை அப்படியே விட்டுவிட்டு அவள் வாசலுக்கு நடந்தாள்.

ரத்தினம் கோவில் வாசலில் இரண்டு பையன்களோடு நின்றிருந்தான். அவர்கள் முன்னாலேயே கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. நீங்க எனக்குத் தகப்பனாமே. தெரியுமா?"

பையன்கள் நழுவினார்கள். ரத்தினம் செருப்பைப் பார்த்தான்.

"எனக்கு என்ன தெரியும் சீனி? அம்மா நிக்கச் சொன்னா, நின்னேன்."

"தெரியாதுல்லா? அப்ப சாமிகிட்ட வாங்க. தெரியாம நடந்ததுக்கு ஏதாவது வழி இருக்கும்."

அவன் தயங்கினான். வாசலில் ஆட்கள் திரும்பிப் பார்த்ததால் வந்தான்.

*

சாமியார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் இருந்தார். சித்திரை வெயிலில் அவருக்கு மட்டும் குளிர். உபதேசியார் ரோசம்மாளையும் அழைத்து வந்து நிறுத்தினார். சாமியார் நடந்ததையெல்லாம் கேட்டு முடித்தார்.

"நான் இங்க இருந்திருந்தா இது நடந்திருக்காது," என்றார். பிறகு சீனியைப் பார்த்தார். "ஒரு விஷயம் கேக்கிறேன். யோசிச்சுச் சொல்லு. தண்ணி ஊத்தும்போது அவன் ஒன் தோள்ல கை வச்சானா? தொடாம சும்மா பக்கத்துல நின்னிருந்தா அவன் ஞானத்தகப்பனே இல்ல. தடையும் இல்ல. அடுத்த ஞாயிறே நான் ஓலை வாசிச்சுருவேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தண்ணீர் ஊற்றிய சாமியார் ஊருக்குப் போய்விட்டார். குனிந்த தலைக்குப் பின்னால் யார் கை எங்கே இருந்தது என்று யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்? ரோசம்மாள் வைத்தான் என்பாள். அவள் பேச்சுக்கு இனி இந்த அறையில் என்ன மதிப்பு?

ரத்தினமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது உனக்கு ஒரு பாவமும் இல்லை, பிறந்த குழந்தை மாதிரி என்று அன்றைக்கு அந்தச் சாமியார் சொன்னது சீனிக்கு நினைவு வந்தது. அது வெறும் வார்த்தையில்லை அவளுக்கு. அந்த வாரம் முழுக்க அந்தச் சுத்தத்தை ஒரு நிறைகுடம் மாதிரி இடுப்பில் வைத்து நடந்திருக்கிறாள். மேஸ்திரி திட்டியபோதுகூட மனசுக்குள் திருப்பித் திட்டவில்லை. இவர்கள் செய்த காரியத்துக்கு அவள் அதைக் கொட்டுவதா?

"கை வச்சாக சாமி."

ரோசம்மாள் மூச்சு விட்டாள்.

"ஆனா அவியளா வைக்கல," என்றாள் சீனி. "தண்ணி விழப் போற நேரம் எனக்குப் பின்னால செபமாலை மணி உரசுற சத்தம் கேட்டுது. அத்தை எப்பவும் செபமாலையைக் கையில சுத்தியிருப்பாக. அவிய கையைப் பிடிச்சு எடுத்து என் தோள்ல அழுத்துனது அத்தைதான். அதுக்குப் பொறவுதான் தண்ணி விழுந்துச்சு. தெரியாம நின்னவருதான் சாமி அவிய."

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் காய்ச்சலை மீறி ஒரு தெளிவு வந்தது.

"ரத்தினம், கேட்டியா? இன்னொருத்தர் பிடிச்சு வச்ச கை வேற, மனசறிஞ்சு வச்ச கை வேற. நீயா வச்சியா? என்ன ஏதுன்னு தெரிஞ்சு வச்சியா? உண்மையைச் சொல்லு."

ரத்தினம் தாயைப் பார்த்தான். ரோசம்மாள் அவனைப் பார்க்கவில்லை. விரலில் மணியை மட்டும் தள்ளினாள்.

சீனி அவன் வாயையே பார்த்தாள். இரைச்சல் இல்லாத அந்த அறையிலும் அவளுக்கு உதட்டைப் பார்த்துத்தான் பழக்கம்.

"நானாத்தான் வச்சேன் சாமி."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான். சின்னப்பிள்ளையிலயே ஞானோபதேசத்துல படிச்சதுதானே."

 சீனிக்குக் கண்ணீர் வரவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை மில் வாசல்ல வச்சுச் சொல்லியிருந்தா, அழுதுட்டு ரீலுக்குப் போயிருப்பேன்," என்றாள். "அதைச் சொல்லச் சாமியை எதுக்குக் கூப்பிட்டீக? என் தலையில விழுந்த தண்ணியை வச்சு எதுக்குச் சொன்னீக?"

"ஒன் முகத்தைப் பாத்துச் சொல்லத் தெம்பில்ல சீனி."

"அதான் முதுகுப் பக்கம் நின்னு சொன்னீகளோ?"

சாமியார் கையை உயர்த்தினார். "இன்னும் ஒரு வழி இருக்கு. எங்களுக்கெல்லாம் மேல இருக்க மேற்றிராணியாருக்கு எழுதி இந்தத் தடைக்கு விலக்குக் கேக்கலாம். ஆனா ரெண்டு பேரும் கேக்கணும்."

"எங்க அண்ணன் மகளைப் பேசியாச்சு சாமி," என்றாள் ரோசம்மாள் அவசரமாக.

"மாமன் மகளைக் கட்டவும் அதே மேற்றிராணியாரோட விலக்கு வேணும். அது தெரியும்ல?"

"தெரியும் சாமி. கேப்போம்."

கேப்போம்! அந்தத் தடையை நீக்கச் சொல்லிக் கேட்பார்கள். இந்தத் தடையைத் தாங்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டுவார்கள். சீனிக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"எனக்காக ஒண்ணும் எழுதாதீக சாமி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவிய எனக்குத் தகப்பன்தானா? நெசமா?"

"ஆமா."

"சாகுற வரைக்குமா?"

"சாகுற வரைக்கும்."

"அப்ப நான் இவிய வீட்டுக்குப் போறேன்."

"என்னட்டி பேச்சு இது?" ரோசம்மாள் பதறினாள்.

"எங்க அண்ணன் கதவைச் சாத்திட்டான். சுடலைமாடத்தி அக்கா, என் கல்யாணம் வரைக்கும்னுதான் எடம் குடுத்தா. இனிமே கல்யாணம் ஏது? மகளை நடுத்தெருவுல விட்டுட்டுப் போற தகப்பன் எந்த வேதத்துல இருக்காரு?"

உபதேசியார் குறுக்கிட்டார். "ஞானத்தகப்பன்னா ஞான காரியத்துக்கு மட்டும்தான்மா. சோறு போட, வீட்டுல வைக்கன்னு சட்டம் கெடையாது."

"கல்யாணத்தைத் தடுக்க மட்டும் தகப்பன், கஞ்சி ஊத்த இல்லையாக்கும்?"

"வயசுப்பையன் இருக்க வீடுட்டி!" என்றாள் ரோசம்மாள்.

"பையனா? எங்கப்பா இல்ல அவிய?"

ரத்தினத்தின் காது சிவந்தது. சாமியார் கம்பளிக்குள் கையை இழுத்துக்கொண்டு ரோசம்மாளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை.

"உபதேசியார் சொல்றது சட்டம். இந்தப் பொண்ணு கேக்கிறது ஞாயம். வேற ஆதரவு கெடைக்கிற வரைக்கும் ஒன் வீட்டுல, ஒன் பக்கத்துல படுக்க வச்சுக்க. சட்டத்தை நீதானே கூப்பிட்ட ரோசம்மா? வந்துருச்சு. பாதியை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது."

சீனி முக்காட்டைச் சரி செய்துகொண்டு ரோசம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"கெளம்புங்க அப்பத்தா. பஸ்ஸு போயிரும்."

*

திரும்பும் பஸ்ஸில் ரோசம்மாள் சீனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில் பஸ் ஏற்றத்தில் திணறி நின்றதும் காதோரம் குனிந்தாள்.

"இன்னைக்கு மட்டும் வேண்டாம்ட்டி. நாளைக்கு வா. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"இன்னைக்கு என்ன?"

ரோசம்மாள் செபமாலை மணியை உருட்டத் தொடங்கினாள்.

எதிர் இருக்கையில் இருந்த ராஜபாளையத்துத் தெலுங்குக்கார அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தவள், பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஒங்க கூத்துராம்மா? மகளா?"

"பேத்தி," என்றாள் சீனி.

"பேத்தியா! அம்புட்டு வயசா ஒங்களுக்கு? தெரியலையே!"

முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற ரத்தினம், வண்டி நின்ற சாக்கில் காற்றாடியைச் சுற்ற இறங்கிப் போய்விட்டான்.

சீனி வெளியே பார்த்தாள். மலைப்பக்கம் வெயில் வெள்ளையாக அடித்தது. ஜெயித்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. போகும் இடத்தில் யாரும் அவளைத் தேடவில்லை. அவளுக்கும் அங்கே போய் வாழ ஆசையில்லை. பரலோக மந்திரத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கண் முன்னால் அதே உதடு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். தீங்கு செய்தவர்களைப் பொறுக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அதைப் பொய்யாகச் சொல்லக் கூடாது. சொல்லவும் முடியவில்லை. ஆனால் மந்திரத்தையே தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. 'இவுக குடுத்ததா இருந்தாலும் இது இவுகளோடது இல்ல' என்று ஒரு எண்ணம் வந்தது. நின்ற இடத்தைத் தாண்டாமல், தொடக்கத்திலிருந்து அந்த இடம் வரைக்குமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

*

தெரு முனையில் திரும்பியதுமே, ரோசம்மாள் ஏன் நாளைக்கு வா என்றாள் என்பது தெரிந்துவிட்டது.

வீட்டு வாசலில் வில்வண்டி ஒன்று நின்றது. வத்திராயிருப்பிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். மாடுகளின் வாயில் நுரை. வண்டிக்காரன் நுகத்தடிக் கயிற்றில் கை வைத்திருந்தான். வெள்ளை மீசையும் கழுத்தில் சிலுவைச் சுரூபமுமாக ஒரு பெரியவர் இறங்கி நின்றார். ரோசம்மாளின் அண்ணன் ஜேசுதாசன் அவர்தான். வண்டிக்குள் பழத் தட்டும் பூவுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வந்து எறங்குனா வீடு பூட்டிக் கெடக்கு ரோசா. பூசை முடிஞ்சு வர இம்புட்டு நேரமா?" என்று சிரித்த பெரியவர், பின்னால் வந்த சீனியைக் கண்டதும் சிரிப்பைக் குறைத்தார்.

வண்டிக்குள் இருந்த ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள். சீனியின் வயதுதான் இருக்கும். பச்சைப் பட்டுச் சேலை அவளுக்குப் பழக்கமில்லாமல் தோளில் விறைத்து நின்றது.

"அத்தை, இவுக யாரு?"

ரோசம்மாள் இடுப்பில் வீட்டுச் சாவியைத் தேடினாள். ரத்தினம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போகிறவன்போல ஒதுங்கினான்.

சீனி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத முகம். யாரோ சொன்னதை நம்பி அவளும் வண்டி ஏறியிருக்கிறாள். பெரிய சனிக்கிழமை காலையில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒரு கணம், பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. பேசாமல் போனால் இந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லப்போவதில்லை.

"என் பேரு பரிபூரணம்," என்றாள். "இவியளோட மூத்த மக."

"யாரோட மக?"

"ரத்தினத்தோட மகதான். போன வாரம் கோவில்ல வச்சு ஆக்குனாக. ஓலை வாசிக்க இருந்தவளை எதுக்கு மகளா ஆக்குனாகன்னு அப்பத்தாட்ட கேளுங்க."

பெரியவர் தங்கையைப் பார்த்தார். ரோசம்மாள் முந்தானையை வாயில் வைத்தாள். தங்கையின் முகத்தில் இருந்த பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"ஏலே, மாட்டை அவுக்காத," என்றார் வண்டிக்காரனிடம்.

ஆனால் ஜெயக்கொடி அதற்குள் தட்டை நகர்த்திவிட்டு வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். தகப்பன் கூப்பிட்டதையும் அத்தை கூப்பிட்டதையும் கேட்காமல், நேராகச் சீனியை நோக்கி நடந்து வந்தாள்.